மாருதி சுசுகி ஜிம்னி கூரையில் கேரியர் மாட்ட துளை போட வேண்டுமா? எவ்வளவு எடை ஏற்றலாம்?

துளை வேண்டவே வேண்டாம். பழைய ஜீப்புகளில் இருப்பது போலவே ஜிம்னியின் கூரை ஓரத்திலும் மழைநீர் வழியும் காடி ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. அதைக் கவ்விப் பிடிக்கும் கால்கள் உள்ள கேரியராகப் பார்த்து வாங்குங்கள்.

அதற்கு முன் எடைக் கணக்கு. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்குக் கூரை வரம்பு 30 கிலோ. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். கேரியரின் எடையும் அதற்குள்தான் அடக்கம். இரும்புக் குழாய் கேரியரே 25 கிலோவைத் தொட்டுவிடும், பிறகு மேலே என்னத்தை வைப்பது? அலுமினியம்தான் சரி. "100 கிலோ தாங்கும்" என்று கடைக்காரர் சொல்வது கேரியரின் பலம், கூரையின் பலம் இல்லை. 20 லிட்டர் தண்ணீர் கேன், ஜாக்கி போன்ற கனமானவை வண்டிக்குள் தரையில் இருக்கட்டும். உயரத்தில் கனம் ஏறினால் பக்கச் சரிவில் வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். படுக்கை, டென்ட் பை மாதிரி லேசானவை மேலே போகலாம். 50 கிலோவைத் தாண்டும் கூரைக் கூடாரம் இந்த வண்டிக்கு ஆகாது.

மாட்டும்போது காடியை பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மணல் துகள் ரப்பருக்கு அடியில் மாட்டினாலும் பெயிண்டை அரைத்துத் தகரத்தைத் தொட்டுவிடும். கேரியரைத் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். எல்லாக் கால்களையும் கையால் மட்டும் முடுக்கி, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக்குங்கள். கோணலாக இருந்தால் ஒரு கால் மட்டும் காடியை இழுத்துக்கொண்டே இருக்கும். பிறகு எதிரெதிர் கால்களாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். 8 மி.மீ. போல்ட் என்றதும் 25 நியூட்டன் மீட்டர் (டார்க், அதாவது முடுக்கும் முறுக்குவிசையின் அளவு) வரை இறுக்குகிறார்கள். போல்ட் தாங்கும், காடியின் தகரம் மடங்கிவிடும். கேரியரோடு வரும் தாளில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்குவிசையை அளந்து இறுக்கும் ஸ்பானர்) இறுக்குங்கள். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு இம்பாக்ட் கன் (வேகமாக அடித்து முடுக்கும் கருவி) கூடவே கூடாது. மரை சூடேறிப் பிடித்துக்கொண்டால் அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மரையில் துளி ஆன்ட்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) தடவலாம். தடவினால் அதே டார்க்கில் பிடி கூடிவிடும் என்பதால் இறுக்கத்தைச் சற்றுக் குறையுங்கள்.

முடித்ததும் எல்லாக் கதவுகளையும் திறந்து மூடிப் பாருங்கள், கவ்வியின் உள்முனை கதவு ரப்பரில் உரசக் கூடாது. முதல் 100 கிலோமீட்டரில் ரப்பர் அமுங்கி போல்ட் தளரும். அப்போது ஒருமுறை, பிறகு காட்டுப்பாதையில் ஓட்டிய ஒவ்வொரு நாள் முடிவிலும் சரிபாருங்கள்.

வேகத்தில் விசில் சத்தம் வந்தால் அலுமினியச் சட்டங்களின் திறந்த காடிகளில் ரப்பர் பட்டை திணியுங்கள். சாமானைக் கட்டும் பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் அதன் அதிர்வும் அடங்கும்.