காட்டுல டென்ட் போடப் போறீங்களா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: நாங்க 8 பேர், பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்சவங்க, எல்லாருக்கும் நாப்பது தாண்டியாச்சு. ஜனவரில ரெண்டு நாள் காட்டுல டென்ட் போட்டுத் தங்கலாம்னு வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சு. இன்ஸ்டால ஒருத்தர் 'டீப் ஃபாரஸ்ட் கேம்பிங், கேம்ப்ஃபயர், பார்பிக்யூ, தலைக்கு 1,800'னு போட்டிருக்கார். லொகேஷன் கேட்டா முழுப் பணமும் ஜிபே பண்ணினப்புறம்தான் அனுப்புவாராம். நம்பலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: இடத்தைச் சொல்ல மாட்டேங்கறவர்கிட்ட ஒத்தப் பைசா கட்டாதீங்க. அந்த விளம்பரத்தையே இன்னொரு தடவை நிதானமா படிங்க. டீப் ஃபாரஸ்ட்டும் கேம்ப்ஃபயரும் ஒரே வரில வருது பாருங்க, ரெண்டுல ஒண்ணு பொய்யாத்தான் இருக்கணும். நிஜமாவே ரிசர்வ் ஃபாரஸ்ட், அதாவது அரசோட காப்புக்காடுன்னா அனுமதி இல்லாம உள்ள போறதும் தப்பு, தீ மூட்டறதும் தப்பு, 1882ம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டத்துலயே இருக்கு, மாட்டினா ஆர்கனைசர் எங்கயாவது நழுவிடுவார், கேஸும் அபராதமும் உங்க 8 பேர் தலைல வந்து விழும். இல்ல, யாரோ ஒருத்தர் எஸ்டேட் நிலம்னா அது காடே இல்ல, காட்டோரம். அப்ப 'டீப் ஃபாரஸ்ட்'னு சொல்லி எதுக்கு காசு வாங்கறார்?

காட்டோரம்னா பரவால்லன்னும் சொல்ல முடியாது. 2021 ஜனவரில வயநாடு மேப்பாடி பக்கம் ஒரு ரிசார்ட் டென்ட்ல தங்கியிருந்த பொண்ணை யானை அடிச்சுக் கொன்னுடுச்சு, லைசென்ஸ் இல்லாம நடத்தினாங்கன்னு அப்புறம்தான் அந்த இடத்தை மூடினாங்க. அதுக்கு முன்னாடி 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீ, மலையேறப் போனவங்கள்ல 20 பேருக்கு மேல போயிட்டாங்க. அதனால இடம் எங்க, யார் பேர்ல இருக்கு, தங்க வைக்க யார் அனுமதி குடுத்தாங்க, ஜிஎஸ்டி நம்பர் என்ன, இதெல்லாம் வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க. நம்பர் குடுத்தா ஜிஎஸ்டி சைட்லயே போட்டுப் பாருங்க, கடை பேர் வந்துடும். கோவிச்சுக்கிட்டார்னா விட்டுடுங்க.

காட்டுல ராத்திரி தங்கணும்ங்கறதுதான் ஆசைன்னா வனத்துறை வழியாவே போங்க. பொள்ளாச்சி பக்கம் ஆனைமலைக் காட்டுல டாப்சிலிப்ல தங்கும் விடுதி இருக்கு. அதே ரோட்டுல இன்னும் உள்ள போனா பரம்பிக்குளம், அது கேரளா, அங்க பாத்ரூமோட சேர்த்து நிரந்தரமா போட்டு வச்ச டென்ட்டே இருக்கு. ஈரோட்டுலேர்ந்து திம்பம் மலைப்பாதை வழியா போனா பிலிகிரிரங்கன மலைல கே.குடி கேம்ப், கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் நடத்தறது, சாப்பாடு சஃபாரி எல்லாம் சேர்த்துத்தான் ரேட். தலைக்கு 1,800 எல்லாம் ஆகாது, கூடத்தான் வரும், ஆனா எதுக்குக் குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுப்பீங்க. திம்பத்துல ராத்திரி வண்டி விடமாட்டாங்க, ஆபீஸ் முடிச்சுட்டு கிளம்பலாம்னு பிளான் போடாதீங்க.

கேள்வி: சொந்தக்காரர் பண்ணைல கேம்ப் போடறோம். 8 பேருக்கு '4 பெர்சன்' டென்ட் ரெண்டு வாங்கினா போதும்தானே? ஆன்லைன்ல 2,500க்கே 'வாட்டர்ப்ரூஃப்'னு இருக்கு. – திண்டுக்கல் வாசகி

பதில்: போதாது. 4 பெர்சன்னா ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான் கணக்கு. பையை வைக்க இடம் கிடையாது, ராத்திரி ஒருத்தர் எழுந்தா நாலு பேரும் எழுந்திருக்கணும். 4 பெர்சன்ல மூணு பேர்னு வச்சு மூணு டென்ட் பாருங்க.

'வாட்டர்ப்ரூஃப்'ங்கறதை விட்டுட்டு கீழ எத்தனை மில்லிமீட்டர்னு போட்டிருக்கான்னு தேடுங்க. துணி மேல எவ்வளவு உசரத்துக்கு தண்ணி நின்னா ஒழுக ஆரம்பிக்கும்ங்கற கணக்கு அது. 2,000க்கு மேல இருந்தா நம்மூர் மழைக்கு ஓரளவு தைரியமா படுக்கலாம், தரைத்துணிக்கு அதைவிட கூட வேணும், ஏன்னா நம்ம வெயிட்டு அழுத்துது இல்லையா. நம்பரே போடலன்னா அது வெயிலுக்கு மட்டும்தான். நம்பர் இருந்தும் ஒழுகறது பெரும்பாலும் தையல்லதான், உள்பக்கம் தையல் மேல பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருக்கான்னு தடவிப் பாருங்க. டென்ட் வந்த அன்னைக்கே மொட்டை மாடில விரிச்சு, ஹோஸ் பைப்பால பத்து நிமிஷம் மேல தண்ணி அடிங்க, ரிட்டர்ன் தேதி முடியறதுக்குள்ள. ஒழுகினா வீடியோ எடுத்து காயவச்சு திருப்பி அனுப்புங்க.

ஒண்ணு, விடியக்காலைல உள்பக்கம் ஈரமா இருந்தா உடனே ஒழுகுதுன்னு ஒன் ஸ்டார் போட்டுடாதீங்க. ராத்திரி பூரா நீங்க விட்ட மூச்சுக்காத்துதான் துணில படிஞ்சு தண்ணியா நிக்குது. ரெண்டு அடுக்கு டென்ட்ல அந்த ஈரம் நம்ம மேல படாது, ஒத்தை அடுக்குல தலைமுடியெல்லாம் நனையும், விலை கம்மியா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

வருஷத்துக்கு ஒரு தடவைன்னா வாடகைக்கே எடுங்க. மிச்சமாகற காசுல கீழ விரிச்சுப் படுக்க நல்ல மேட் வாங்குங்க, குளிர் தரைலேர்ந்துதான் ஏறும், மேட் இல்லாம எத்தனை காஸ்ட்லி ஸ்லீப்பிங் பேக்கும் வேஸ்ட். ஸ்லீப்பிங் பேக்லயும் பெருசா போட்டிருக்கற 'எக்ஸ்ட்ரீம்' டிகிரியை நம்பாதீங்க, அது செத்துப்போகாம இருக்கற அளவு, தூங்கற அளவு இல்ல. 'கம்ஃபர்ட்'னு எழுதியிருக்கறதுதான் உங்களுக்கானது. குளிருதுன்னு கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ டென்ட்டுக்குள்ள மட்டும் கொண்டு போயிடாதீங்க, அதுலேர்ந்து வர்ற கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்ற விஷவாயு, வாசனையே கிடையாது.

கேள்வி: கேம்ப் ஆளே ரெண்டு நாள் முன்னாடி கேன்சல் பண்ணிட்டார். அட்வான்ஸ் 9,000 'நான் ரீஃபண்டபிள்'ங்கறார். – மதுரை வாசகர்

பதில்: நீங்க கேன்சல் பண்ணினாத்தான் அந்தப் பேச்சு. அவரே கேன்சல் பண்ணிட்டு காசை வச்சுக்க முடியாது. முதல்ல 1915ல நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் குடுங்க, பாதி பேர் அதுக்கே திருப்பிடுவாங்க. நகரலன்னா உங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே போடலாம், கேம்ப் எந்த ஊர்ல இருந்தாலும் சரி, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல அதுக்கு வழி இருக்கு. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். வாட்ஸ்அப்ல பேசினதையும் ஜிபே ரசீதையும் அழிச்சுடாதீங்க.

கேள்வி: புக் பண்ணினப்புறம் ஃபிரெண்டு ஒருத்தன் வரலங்கறான், அவன் பங்கை யார் குடுக்கறது? – அதே மதுரை வாசகர்

பதில்: இதுக்கு ஆணையம் கிடையாது சார். அடுத்த தடவை எட்டு பேர்கிட்டயும் காசு வாங்கினப்புறம் புக் பண்ணுங்க, இந்தத் தடவை அவனுக்குப் பதிலா வேற ஒருத்தனைக் கூட்டிட்டுப் போங்க.