கேள்வி - பதில்

கேள்வி: 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை என் நண்பர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். இருநூறு பக்கம் முடிவதற்குள் எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டது. நடக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள். இவ்வளவு புகழுக்கு அதில் என்னதான் இருக்கிறது?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆயிரம் பக்க நாவலில் இருநூறாவது பக்கத்தில் இறங்கிக்கொண்டு தீர்ப்புக் கேட்கிறீர்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்ல அது தாராளமாகப் போதும். 'தகுதியில்லை' என்று சொல்லப் போதாது.

உங்கள் புகாரில் நியாயம் இருக்கிறது. டாம் பாம்படில் வரும் அத்தியாயங்களில் கதை உட்கார்ந்துவிடுகிறது. 2001இல் வந்த படத்தில் அவரையே தூக்கிவிட்டார்கள், பெரிய நஷ்டமில்லை. தீயவன் படையில் வரும் ஓர்க்கு என்ற இனத்தில் ஒருவன்கூட நல்லவன் கிடையாது என்பதும் எனக்கு உறுத்தல்தான். அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1956லேயே இதைச் சிறுபிள்ளைத்தனமான குப்பை என்று ஒதுக்கினார். கவிஞர் ஆடனோ மெச்சி எழுதினார். பழைய சண்டை இது.

நான் ஆடன் கட்சி. ஆனால் வரைபடம், எல்ஃப் என்ற கற்பனை இனத்தின் மொழி, வம்சாவளிப் பட்டியல் என்று ரசிகர்கள் மெய்சிலிர்க்கிறார்களே, அதெல்லாம் நாவலை எழுதிய டோல்கியனின் உழைப்புக்குத்தான் சான்று. நாவல் எங்கே நிற்கிறது என்றால், முடிவில். தீய சக்தி கொண்ட மோதிரத்தை அழிக்கவென்றே அவ்வளவு தூரம் வந்த கதாநாயகன் ஃப்ரோடோ, எரிமலையின் விளிம்பில் நின்றுகொண்டு, 'இது என்னுடையது' என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் தோற்றுவிட்டான்! அந்த மோதிரத்துக்காகவே ஏங்கிப் பின்தொடர்ந்து வந்த கோல்லம் அந்த விரலையே கடித்துப் பறித்து, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான். கொல்ல வாய்ப்பிருந்தும் இரக்கப்பட்டு விட்டுவைத்த ஜீவன் அவன். உலகம் பிழைத்தது வீரத்தால் அல்ல, எப்போதோ காட்டிய அந்த இரக்கத்தால்.

இன்னோர் இடம். எதிரிப் படை வீரன் ஒருவன் ஃப்ரோடோவின் துணையாக வரும் சாமின் கண்ணெதிரே செத்து விழுகிறான். இவன் பெயர் என்னவாக இருக்கும், உண்மையிலேயே கெட்டவன்தானா, யார் சொன்ன பொய்யை நம்பி வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தான் என்று சாம் யோசிக்கிறான். முதல் உலகப் போரில், 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்த மனிதர் எழுதியது இது. வெறும் சாகசக் கதைக்காரர் அடுத்த வாள்வீச்சுக்குப் போயிருப்பார்.

இருநூறு பக்கம் வந்துவிட்டீர்கள் என்றால் பாம்படிலைக் கடந்தாயிற்று. எல்ரண்டின் சபையில் பேசுவார்கள், பேசுவார்கள், பேசிக்கொண்டே இருப்பார்கள், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மோரியா சுரங்கம். அங்கேயும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மூடிவிடலாம். பாட்டுகளா? நானும் பாதிக்கு மேல் தாண்டித்தான் படித்தேன்.