அலமாரியில் பூசணம்: ஈரம் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: எங்கள் படுக்கையறை அலமாரி சுவரோடு சேர்த்துக் கட்டியது, கடப்பைக்கல் தட்டுகள், மரக்கதவுகள். ஐப்பசி பிறந்துவிட்டால் கதவைத் திறந்ததும் ஓதவாடை அடிக்கிறது. கணவரின் தோல் பெல்ட்டிலும், கஞ்சி போட்டு மடித்து வைத்த பருத்திப் புடவைகளிலும் வெள்ளையாகப் பூசணம் பூத்துவிடுகிறது. பாச்சை உருண்டை, வேப்பிலை எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. இரவு முழுவதும் ஏசி ஓடும் அறை அது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: பாச்சை உருண்டை பூச்சிக்கானது; பூசணத்தைத் தடுக்க அதை நம்ப முடியாது. வேப்பிலையைப் பச்சையாக வைத்திருந்தால் அதன் ஈரமும் அலமாரிக்குள் சேர்ந்திருக்கும். பூசண வித்துகள் எல்லார் வீட்டுக் காற்றிலும் உண்டு என்பதால், இதில் உங்கள் வீட்டுச் சுத்தத்தின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தோல், கஞ்சி, துணியில் தங்கிய வியர்வை எல்லாமே அதற்கு உணவு. அவற்றை ஒழிக்க முடியாது. ஈரத்தைத்தான் குறைக்க முடியும். அலமாரிக்குள் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் பூசணம் பூக்கும். 60க்குள் நின்றால் பெரும்பாலும் தலைகாட்டாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானியைப் புடவைகளுக்கு நடுவே ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

முதலில் ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்து வருகிறதா என்று தெரிய வேண்டும். கீழ்த்தட்டைக் காலி செய்து, பின்சுவரில் ஓர் அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் இடைவெளியின்றி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தால் சுவரிலேயே ஓதம் இருக்கிறது. அந்தப் பக்கம் குளியலறையா, மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரா என்று பார்த்துக் கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயிண்ட் அடியுங்கள்; ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் உரிந்துதான் விழும்.

உட்புறம் உலர்ந்திருந்தால் என் சந்தேகம் ஏசியின் மீதுதான். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்கும் குளிர்ந்த பரப்பைத் தொட்டால் அங்கே நீர் கோக்கும். பகலில் அலமாரிக்குள் புகுந்த இந்தக் காற்று, இரவில் கதவு மூடியபடியே அறையோடு சேர்ந்து குளிர்கிறது. ஏசி அறைக்காற்றின் ஈரத்தை இழுத்து வெளியே விடுகிறது (அதன் குழாய்க்கடியில் வாளி வைத்துப் பார்த்தால் எவ்வளவு என்று தெரியும்), ஆனால் மூடிய கதவுக்குள் அந்த உலர்ச்சி எட்டுவதில்லை. ஆகவே ஏசியை 20இல் வைக்காமல் 25, 26இல் வைத்து, அது ஓடும் நேரத்தில் அலமாரிக் கதவுகளைத் திறந்தே வையுங்கள். காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறப்பதற்கு முன் மூடிவிடுங்கள். விடியற்காலையில் அலமாரியைக் காற்றாடத் திறந்து வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. வெளிக்காற்றில் ஈரப்பதம் மிக அதிகமாக இருக்கும் வேளையே அதுதான். மழையில்லாத நாளில், நண்பகலுக்குப் பின் மின்விசிறியைப் போட்டுத் திறப்பதே சரி.

துணிகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, நெருக்காமல் அடுக்குங்கள். மழைக்காலம் முழுவதும் பெட்டிக்குள் இருக்கப்போகும் புடவைக்குக் கஞ்சி வேண்டாம், உடுத்தும்போது போட்டுக்கொள்ளலாம். இஸ்திரி போட்ட துணியை, சூடும் ஆவியும் அடங்கிய பிறகே உள்ளே வையுங்கள்.

ஏற்கெனவே பூத்ததை அறைக்குள் உதறினால் வித்துகள் எங்கும் பரவும். முகக்கவசம் அணிந்து, துணிகளை மாடிக்கு எடுத்துச் சென்று உதறி, வெயிலில் காயவிடுங்கள். பட்டுக்கு நிழல் போதும். தட்டுகளைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, முழுக்க உலரவிடுங்கள். பிளீச்சிங் கரைசலையும் வினிகரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நஞ்சு.

கேள்வி: ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை பீரோவில் வைத்தேன். பத்தே நாளில் நீர் நிரம்பிவிட்டது. டப்பா பழுதா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: பழுதில்லை, அதிலுள்ள கால்சியம் குளோரைடு ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். ஆடிச் சாரலையும் ஐப்பசி மழையையும் சேர்த்துப் பெறும் உங்கள் ஊரில் அது விரைவில் நிரம்புவதில் வியப்பில்லை. ஆனால் பீரோ கதவு சரியாக மூடாமல் இடைவெளி இருந்தால், ஊர்க்காற்றையெல்லாம் அந்த டப்பா உலர்த்த வேண்டியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். சேர்ந்த நீர் ஜரிகையையும் இரும்பையும் அரிக்கும். எனவே டப்பாவை அடித்தட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டின் மீது, சாயாதபடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.