எல்லைப்புறத்துப் படக்காரர்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பகுதி வாளையாற்றுக்கு மேற்கிலிருந்தும் திருத்தணிக்கு வடக்கிலிருந்தும் வந்தவை. கேரளத்திலோ ஆந்திரத்திலோ வாழ்ந்துகொண்டு, வீட்டில் தமிழ் பேசி, சொந்தக் காசில் குறும்படம் எடுக்க முனைந்திருப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாக எழுதியவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஐயா, என்னிடம் 60,000 ரூபாய் இருக்கிறது. 20 நிமிடப் படம். கதை முழுவதும் எங்கள் ஓட்டு வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. செகண்ட் ஹேண்டில் பெரிய சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கலாமா, சிறிய சென்சார் போதுமா? 50 மி.மீ. லென்ஸ்தான் வாங்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
— தனியார் நிறுவன ஊழியர், கொழிஞ்சாம்பாறை

கடைக்குப் போவதற்கு முன்னால் கதை நடக்கும் அறையை அளந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் சிறிய சென்சாருக்கு ஏபிஎஸ்-சி என்று பெயர். அதன் அகலம் ஏறத்தாழ 23.5 மி.மீ.; எனவே அதில் 24 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், நடிகரிடமிருந்து எத்தனை அடி தள்ளிக் கேமராவை வைக்கிறீர்களோ ஏறத்தாழ அத்தனை அடி அகலம் சட்டகத்துக்குள் வரும். 50 மி.மீ. லென்ஸில் அதில் பாதிகூட வராது. பத்தடி அறையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் நாலே முக்கால் அடிக்கு மேல் தெரியாது என்பதால், அம்மாவும் மகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை எடுக்கவே நீங்கள் திண்டாடுவீர்கள். விலை மலிவு, வெளிச்சத்தை நிறைய உள்ளே விடும் என்பதால் எல்லாரும் 50-ஐச் சிபாரிசு செய்கிறார்கள். முகத்தை எடுக்க அது நல்ல லென்ஸ்தான். உங்கள் வீட்டை எடுக்க உதவாது. 24-லிருந்து 35-க்குள் ஒன்று போதும்.

ஃபுல் ஃபிரேம் இந்தத் தொகைக்கு வேண்டாம். லென்ஸ் இல்லாத கேமரா உடல் மலிவாகக் கிடைத்தாலும் அதற்கேற்ற லென்ஸ்கள் கையைக் கடிக்கும். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 40,000 ரூபாயைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, மீதத்தில் மைக், ஒலிப்பதிவுக் கருவி, இரண்டு உபரி பேட்டரிகள், நல்ல மெமரி கார்டு ஆகியவற்றை வாங்குங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். அன்றைய படப்பிடிப்பை அன்றிரவே இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பிரதி எடுக்கும் செலவையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் விற்பவர் முதலில் ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது ஷட்டர் எத்தனை முறை மூடித் திறந்திருக்கிறது என்பதைத்தான் பெருமையாகச் சொல்வார். அது புகைப்படம் எடுப்பவருக்கு வேண்டிய கணக்கு. வீடியோ ஓடும்போது இயந்திர ஷட்டர் ஒவ்வொரு பிரேமுக்கும் மூடித் திறப்பதில்லை என்பதால், அந்த எண் குறைவாக இருந்தாலும் கேமரா நாள் முழுக்கக் கல்யாண வீடியோவில் காய்ந்திருக்கலாம். ஆகவே அரை மணி நேரம் நிறுத்தாமல் பதிவு செய்து சூடேறி அணைகிறதா என்று பாருங்கள். மைக் துளையில் ஒயரைச் செருகி, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒயரை லேசாக ஆட்டுங்கள்; கரகரவென்றால் அந்தக் கேமராவை விட்டுவிடுங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் கவனித்த பிறகு பேரம் பேசலாம்.

ஐயா, எங்கள் தெரு முழுக்க விசைத்தறி. நெசவாளர் வீடு ஒன்றில் நடக்கும் கதையை அங்கேயே செல்போனில் எடுக்கிறோம். வசனம் எதுவும் காதில் விழவில்லை. தனி ரெக்கார்டரில் பதிவு செய்தும் பார்த்தோம். ஷாட் நீளமாக இருந்தால் கடைசியில் வாயசைவும் குரலும் ஒட்டாமல் போகின்றன. தறி ஓடும் காட்சிகளில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகளும் ஓடுகின்றன.
— கல்லூரி மாணவி, நகரி

மூன்றும் தனித்தனி நோய்கள், எளியதிலிருந்து தொடங்குகிறேன். கோடுகளுக்குக் காரணம் தறிக் கொட்டகையின் டியூப் லைட். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக்கில் எரியும் டியூப் விநாடிக்கு 100 முறை மங்கித் துலங்குகிறது. போன் தானாக விநாடிக்கு 30 பிரேமுக்கும் 1/60 விநாடி ஷட்டருக்கும் போய்விட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் பட்டை விழும். 25 பிரேம், 1/50 ஷட்டர் என்று கையால் நிறுத்திவிடுங்கள். இதற்கான வசதி பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலிகளில் இருக்கிறது.

குரல் விலகுவதற்கும் போனே பெரும்பாலும் காரணம். வெளிச்சம் குறையும்போதும் சூடேறும்போதும் பல போன்கள் விநாடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கைத் தாமாகவே கூட்டிக் குறைக்கின்றன. எடிட்டிங் மென்பொருளோ சீரான கணக்கை எதிர்பார்க்கிறது. ஏற்கெனவே எடுத்தவற்றை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள். இனி எடுப்பவற்றை மேலே சொன்னபடி நிலையான வேகத்தில் எடுங்கள், ரெக்கார்டரை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள், ஒவ்வொரு டேக்கிலும் கிளாப் அடியுங்கள். பலகை இல்லாவிட்டால் கையைத் தட்டினாலும் போதும், ஆனால் தட்டும் கை படத்தில் தெரிய வேண்டும்.

தறிச் சத்தம்தான் கடினமான விஷயம். ஷாட்கன் மைக் வாங்கினால் தீரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; சிமெண்டுச் சுவர்கள் சூழ்ந்த சிறிய அறையில் சத்தம் எல்லாத் திசையிலிருந்தும் எதிரொலித்து வருவதால், ஒரு திசையை மட்டும் கேட்கும் மைக்கும் அங்கே பெரிதாகச் சாதிக்காது. மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோவது ஒன்றே வழி. தூரத்தைப் பாதியாக்கும் ஒவ்வொரு முறையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். ஆகவே சட்டைக்குள் நெஞ்சருகே ஒட்டிய சிறிய லேப்பல் மைக், மூன்றடி தள்ளி நிற்கும் விலையுயர்ந்த மைக்கை வென்றுவிடும்.

அதைவிட நல்ல வழி உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கரண்ட் போனால் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நிற்கும். பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே தெரிந்துகொண்டு, வசனக் காட்சிகள் எல்லாவற்றையும் அந்தச் சில மணி நேரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேமராவும் ரெக்கார்டரும் பேட்டரியில் ஓடும், வாசல் வெளிச்சம் போதும். தறிகள் ஓடும்போது அந்தச் சத்தத்தை மட்டும் பத்து நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள்: கொட்டகைக்குள் ஒன்று, பக்கத்து அறையில் ஒன்று, தெருமுனையில் ஒன்று. எடிட்டிங்கில் இதை வசனத்துக்கு அடியில் ஒரே சீராக விரித்தால், ஷாட்டுக்கு ஷாட் இரைச்சல் ஏறி இறங்கும் தொல்லையும் இருக்காது.

இதில் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நிசப்தத்தில் நடிப்பவர்கள் தாழ்ந்த குரலில் பேசிவிடுவார்கள். பின்னால் தறிச் சத்தத்தைச் சேர்த்ததும் அவர்கள் தறிக்குப் பக்கத்தில் இருப்பதாக எவரும் நம்ப மாட்டார்கள். டேக்குக்கு முன்னால் பதிவு செய்த சத்தத்தை ஸ்பீக்கரில் உரக்க ஓடவிட்டு இரண்டு வரி பேச வையுங்கள். சத்தத்தை நிறுத்திய பின்னும் அதே உரப்பில் தொடரச் சொல்லுங்கள். தறிக்காரர் வீட்டுப் பெண்கள் ஒரு வார்த்தையை உரக்கச் சொல்லி அடுத்ததைக் கையசைவில் முடித்துவிடுவதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கையசைவைப் படத்தில் கொண்டுவந்தால் பாதி வசனம் தேவைப்படாது.

4கே-யில் எடுத்தால்தான் மதிப்பார்களா?
— வாசகர், கொல்லங்கோடு

இல்லை. ஃபுல் ஹெச்டியில் ஒழுங்காகக் குவித்து எடுத்த படத்தைப் பெரிய திரையிலும் யாரும் குறை சொல்வதில்லை.

ஐயா, எங்கள் குழுவில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சேர முடிகிறது. ஒரே உரையாடல் காட்சியை மூன்று ஞாயிறுகளில் எடுத்தோம். ஒட்டிப் பார்த்தால் ஒருவர் முகத்தில் வெயில், மற்றவர் முகத்தில் மேகம். வடக்குப் பார்த்த திண்ணையில் எடுத்தால் வெளிச்சம் மாறாது என்று படித்து அப்படித்தான் எடுத்தோம்.
— அரசு ஊழியர், சித்தூர், பாலக்காடு மாவட்டம்

அந்த யோசனை ஐரோப்பாவில் எழுதப்பட்டது. அங்கே சூரியன் நண்பகலில் எப்போதும் தெற்கே நிற்கும். பாலக்காடு ஏறத்தாழ 10.8 பாகை வடக்கு அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் வடக்குத் திண்ணையில்தான் வெயில் விழும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எடுத்தால் புத்தகம் சொல்வது சரியாக இருக்கும்.

இப்போதைக்கு, அகலமான ஷாட்கள் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றில், ஒரே இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். முகங்களின் நெருக்கக் காட்சிகளைப் பிந்தைய வாரங்களில் எடுக்கலாம். நடிகருக்கு மேலே காடாத் துணியை இழுத்துக் கட்டி நேர் வெயிலை மறைத்து, எதிர்ப்பக்கம் தெர்மோகோல் அட்டையால் வெளிச்சத்தைத் திருப்பிவிட்டால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். துணி என்றதும் இளக்காரம் வேண்டாம். 1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்துக்காகக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவில் செட்டாகப் போட்டபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதில் பாய்ச்சித் திருப்பித்தான் திறந்த முற்றத்தின் வெளிச்சத்தை உண்டாக்கினார்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் ஊரில் மைக்கைப் படுத்தியெடுக்கும். மைக்கோடு வரும் ஸ்பாஞ்சு அந்தக் காற்றுக்குத் தாங்காது. ரோமம் வைத்த உறையை வாங்குங்கள்.

என் மாமா தந்த பழைய லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் ஏதோ படர்ந்திருக்கிறது. அரிசி டப்பாவில் போட்டு வைக்கச் சொல்கிறார்கள்.
— தோட்டத் தொழிலாளியின் மகன், தேவிகுளம்

அது பூஞ்சை. அரிசி வேண்டாம், அதன் மாவுத் தூசி குவியத்தைத் திருப்பும் வளையத்துக்குள் புகுந்து புதிய வம்பை உண்டாக்கும். கைவிளக்கைப் பின்பக்கம் பிடித்து லென்ஸின் ஊடாகப் பாருங்கள்: ஓரத்தில் சில இழைகள் மட்டும் என்றால் படத்தில் ஒன்றும் தெரியாது; நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சத்தை நோக்கி எடுக்கும்போது படம் வெளிறும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கலாம், ஆனால் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டிருந்தால் துடைத்தும் பயனில்லை.

மலையில் மழைக்காலத்தில் தோல் உறைதான் லென்ஸுக்கு முதல் எதிரி. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி ஆகிய மூன்றும் போதும். மானி 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் காட்ட வேண்டும். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால், சமையலுக்குப் புழங்காத சட்டியில் மெல்லிய சூட்டில் வைத்தெடுங்கள். குளிர்ந்த வெளியிலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அரை மணி நேரம் போகட்டும்.

எங்கள் கதையில் பாட்டி தமிழிலும் பேரன் பாதி மலையாளத்திலும் பேசுகிறார்கள். ஏதாவது ஒரு மொழிக்கு மாற்றினால்தான் விழாக்களில் எடுத்துக்கொள்வார்கள் என்று நண்பர் சொல்கிறார்.
— ஆசிரியை, ஆரியங்காவு

மாற்ற வேண்டாம். நடித்துப் பழகாதவர்களை வைத்து எடுக்கும்போது, பழக்கமில்லாத பேச்சை வாயில் திணித்தால் முகம் விறைத்துவிடும். வரிகளை மனப்பாடம் செய்யச் சொல்லாமல், காட்சியில் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லிப் பேசவிடுங்கள். விழாவுக்கு அனுப்பும்போது விண்ணப்பத்தில் இரு மொழிகளையும் குறித்து, ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேற்படாத ஆங்கில சப்டைட்டிலைச் சேர்த்தால் போதும். கேரள சலச்சித்திர அகாதமி திருவனந்தபுரத்தில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் என்றே தனியாக ஒரு சர்வதேச விழா நடத்துகிறது. அதன் விதிகளைப் படித்துப் பாருங்கள்.

திரைப்படக் கல்லூரியில் சேராமல் இந்தத் தொழிலைக் கற்க முடியுமா? தயாரிப்பாளரும் கிடையாது.
— வாசகர், பாலக்காடு

சேர முடிந்தால் சேருங்கள். புனேயிலும் சென்னைத் தரமணியிலும் கோட்டயத்திலும் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. முடியாவிட்டால், வசனமே இல்லாமல் மூன்று நிமிடத்தில் ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எடுங்கள்: கொல்லன் அரிவாளுக்குப் பதம் பார்ப்பது, அம்மா இட்லிக்கு அரைப்பது, எதுவானாலும் சரி. எடிட் செய்ய உட்காரும்போது எந்த ஷாட்டை எடுக்காமல் விட்டோம் என்பது உறைக்கும். மறுபடி போய் எடுங்கள்.

பணத்துக்கு உங்கள் மாநிலத்திலேயே முன்மாதிரி உண்டு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாம் கோழிக்கோட்டு நண்பர்களோடு ஒடெஸா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் படம் திரையிட்டு மக்களிடம் சிறு தொகைகளாகத் திரட்டித்தான் 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார். உங்கள் ஊர் நூலகத்து அரங்கில் திரை கட்டத் தடையிருக்காது. ஆனால் பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்பதே சட்டம் என்பதை மனத்தில் வையுங்கள்.

என் படத்தில் ஒரு காளையும் பத்து ஆடுகளும் வருகின்றன. வீட்டு ஆடுகள்தாம். அனுமதி எதற்கு?
— விவசாயி, குப்பம்

ஆடு உங்களுடையதாக இருந்தாலும், நடிக்க வைத்தால் விதி பொருந்தும். 2001-ஆம் ஆண்டின் நிகழ்த்து விலங்குகள் பதிவு விதிகளின்படி இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே அனுமதி பெற வேண்டும். படம் முடிந்தபின் கேட்டால் சிக்கல். கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் காட்சி விவரமும் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால் ஓரிரு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். அதற்குள் ஆடு இல்லாத காட்சிகளை எடுத்துவிடலாம்.