ஏரி ஜெல்லிமீன் தொட்டியில் தங்காதது ஏன்?

ஏரியில் பிடித்த நன்னீர் ஜெல்லிமீன்கள் இரண்டே நாளில் சுருங்கி அடியில் விழுகின்றன என்று கேட்டிருந்தீர்கள். முதலில் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை எடுத்துவிடுங்கள். குமிழி ஜெல்லிமீனின் குடை வடிவ உடலுக்குள் சிக்கினால் அவற்றால் சரியாக நீந்த முடியாது, மென்மையான உடலும் கிழியும். பவர் ஃபில்டர் உறிஞ்சி இழுத்துவிடும், அதுவும் வேண்டாம். மூலையில்லாத வட்டத் தொட்டி, அதே ஏரியின் நீர், 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் போதும். குளோரின் கலந்த குழாய் நீரை ஊற்றவே கூடாது.

தினமும் ரோட்டிஃபர், குட்டி டாஃப்னியா போன்ற உயிருள்ள நுண்ணிய நீர்வாழ் உயிரிகளைக் கொடுங்கள். ஆர்ட்டீமியா (உப்புநீர் இறால்) குஞ்சு என்றால் உப்புப் போக நன்னீரில் அலசியபின் விடுங்கள். மிச்சத்தை அன்றே பைப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள், இல்லையேல் அம்மோனியா ஏறும்.

இவ்வளவு செய்தாலும் நீந்தித் திரியும் குடைப்பருவத்தின் ஆயுள் சில வாரங்கள்தான். ஆகவே அதே ஏரியின் கல், குச்சிகளைச் சோதியுங்கள். சுமார் 1 மில்லிமீட்டர் அளவில் ஒட்டியிருக்கும் பாலிப், அதாவது இதே ஜெல்லிமீனின் ஒட்டிவாழும் பருவம்தான் நீடித்து வாழும், நீர் சூடேறும்போது அதிலிருந்து புதிய குடைகள் அரும்பும். தொட்டி நீரை வேறு நீர்நிலையில் கொட்டாதீர்கள், தயவுசெய்து.