ஜவ்வு விலகினால் உடனே ஆபரேஷனா?

கேள்வி: வயது 41. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் 25 கிலோ அரிசி மூட்டையைக் குனிந்து தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டே நாளில் வலி வலது புட்டத்தில் தொடங்கி, தொடை, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல் இறங்குகிறது. இருமினால் உயிர் போகிறது. எம்.ஆர்.ஐ.யில் 'எல்5-எஸ்1 டிஸ்க் எக்ஸ்ட்ரூஷன்' என்று வந்திருக்கிறது. உடனே ஆபரேஷன் என்கிறார் டாக்டர். செய்தால் படுத்த படுக்கைதான் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். பெல்ட் போட்டுக்கொண்டு படுத்தே இருக்கிறேன். என்ன செய்வது?

பதில்: ரிப்போர்ட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். சுவரில் விரல்நுனியை மட்டும் ஊன்றி, வலது காலில் மட்டும் நின்று குதிகாலைப் பத்து முறை தூக்கி இறக்குங்கள். அடுத்து இடது காலில். இரண்டும் ஒன்றுபோல் எழும்பினால், வலி எவ்வளவு இருந்தாலும் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. வலது குதிகால் பாதியிலேயே தொய்ந்துபோனாலோ, நாளுக்கு நாள் பலம் குறைந்தாலோ, ஆபரேஷன் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. எல்5-எஸ்1 ஜவ்வு (இடுப்பு முதுகெலும்பின் கடைசிக் கட்டைக்கும் அதன் கீழுள்ள எலும்புக்கும் நடுவில் இருக்கும் டிஸ்க்) பெரும்பாலும் அழுத்துவது எஸ்1 நரம்பை. குதிகாலைத் தூக்குவது அதன் வேலை. (ஒரு படி மேலே, எல்4-எல்5ல் கோளாறு என்றால் வலி பெருவிரல் பக்கம் போகும், குதிகாலால் நடப்பது கஷ்டமாகும்.)

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பது, போவதே தெரியாமல் கசிவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது. இவற்றில் எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

ஜவ்வு 'விலகியது' என்கிறோமே தவிர, முழு ஜவ்வும் இடம்விட்டு நகர்வதில்லை. வெளியே நார் அடுக்குகள், உள்ளே கொழகொழப்பான கூழ். குனிந்து பாரம் தூக்கும்போது கூழ் பின்பக்கமாகத் தள்ளுகிறது; ஏற்கெனவே நைந்த நார் கிழிந்து அது வெளியே வருகிறது. வந்த கூழ் நரம்பை அழுத்துவதோடு நிற்காமல் அதைப் புண்ணாகவும் ஆக்குகிறது. பாதி வலிக்கு அந்த அழற்சிதான் காரணம். அது தணியத் தணிய, ஸ்கேனில் எதுவும் மாறாதபோதே வலி இறங்கிவிடுவதுண்டு.

'எக்ஸ்ட்ரூஷன்' என்றால் கூழ் நன்றாகவே பிதுங்கியிருக்கிறது. கேட்கப் பயமாக இருக்கும். ஆனால் இப்படி வெளியே வந்ததைத்தான் உடம்பு அந்நியப் பொருளாக நினைத்துத் தின்று கரைக்கிறது. 2015ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், லேசான 'பல்ஜ்' (கூழ் வெளியே வராமல் ஜவ்வு உப்புவது) தானாகச் சுருங்கியது 13 சதவீதம் பேருக்குத்தான். எக்ஸ்ட்ரூஷன் சுருங்கியது 70 சதவீதம் பேருக்கு. அதே ஆண்டின் இன்னொரு ஆய்வுப்படி, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் 30 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் பல்ஜ் தெரிகிறது. ஸ்கேனை மட்டும் வைத்துக் கத்தியை எடுக்க முடியாது என்பது இதனால்தான்.

ஆகவே கால் பலம் சரியாக இருந்தால், வலி தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கலாம். படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். ஓரிரு நாளுக்கு மேல் படுத்தால் தசைதான் இளைக்கும். சமதரையில் ஐந்து, பத்து நிமிடமாக ஒரு நாளில் பல முறை நடங்கள். கல்லாவில் அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். தரையில் உட்கார்வது, தாழ்ந்த முக்காலி, குந்தி உட்காரும் கழிப்பறை மூன்றும் இப்போதைக்கு வேண்டாம். மலச்சிக்கல் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். முக்கும்போது வலி காலில் பாயும். குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி நெஞ்சை லேசாகத் தூக்கிப் பாருங்கள். வலி காலை விட்டு இடுப்புக்கு ஏறினால் நல்ல சேதி, இடுப்பு கொஞ்சம் கூட வலித்தாலும் தொடரலாம். பாதம் நோக்கி இறங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பெல்ட்டால் பலன் இல்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் (எடை கட்டி இடுப்பை இழுப்பது) தர வேண்டாம் என்றே சொல்கிறது. வலி மாத்திரையைச் சில நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின், டாக்டர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிடுங்கள்; கிட்னி, பி.பி., அல்சர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலருக்கும் எழுதித்தரும் நரம்புவலி மாத்திரையான ப்ரீகாபலின், 2017ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனையில் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. ஆனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். முதுகில் ஏறி மிதிப்பது, 'டக்' என்று சத்தம் வர முறுக்குவது இரண்டுக்கும் இடுப்பைக் கொடுக்காதீர்கள். தூக்கமே இல்லாத அளவு கால் வலித்தால், நரம்பருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரம் தணிக்கும். ஜவ்வை உள்ளே தள்ளாது.

இவ்வளவுக்குப் பிறகும் கால்வலி விடவில்லையென்றால் ஆபரேஷன் நியாயமானது. நெதர்லாந்தில் 2007ல் வெளியான சோதனையில் சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, பொறுத்துப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வலி போனது. ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் சுமார் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்தவர்களில் பத்தில் நான்கு பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள். மைக்ரோடிஸ்கெக்டமி என்ற இந்த ஆபரேஷனில் இரண்டு, மூன்று செ.மீ. கீறி, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். முதல் முறை வரும் சாதாரண விலகலுக்கு ஸ்க்ரூ, ராடு பொதுவாகத் தேவைப்படாது. யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். படுத்த படுக்கை பயத்துக்குப் பதில் உடற்கூறிலேயே இருக்கிறது: தண்டுவடம் எல்1-எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே, உங்களுக்கு ஆபரேஷன் நடக்கும் இடத்தில் இருப்பவை நரம்பு இழைகள்தான். நரம்பு உறை கிழிவது, கிருமித்தொற்று, மறுபடி பிதுங்குவது ஆகியவைதான் உண்மையான ஆபத்துகள். கால்வலி போகும், இடுப்புவலிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

கடைக்குத் திரும்பியதும் முதல் சில வாரம் மூட்டையைத் தொடாதீர்கள். பிறகு ஐந்து கிலோ, பத்து கிலோ என்று ஏற்றுங்கள். முழங்காலை மடக்கி, பாரத்தை வயிற்றோடு ஒட்டி எடுங்கள். இரவெல்லாம் நீர் உறிஞ்சி உப்பிய ஜவ்வுக்கு எழுந்த முதல் ஒரு மணி நேரம்தான் குனிவது ஆகாது. விடியற்காலையில் லோடு வந்தால் ஆள் வைத்து இறக்குங்கள்.