கார்ட்டிங் பையனோடு கோலாலம்பூர் வரும் கோவைத் தம்பிக்கு

தம்பி, கம்பெனி உங்களைக் கோலாலம்பூருக்கு மாற்றியிருக்கிறது, கோவையில் கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ஓட்டும் 12 வயதுப் பையனும் கூட வருகிறான். இங்கே ஒரு குழு, "முன்பணம் கட்டுங்கள், ஃபார்முலா 4 கார் பந்தயம் வரை கொண்டுபோகிறோம், ஸ்பான்சர் பின்னாலேயே வரும்" என்கிறது. கட்டலாமா, வீடு எங்கே பார்ப்பது, சாப்பாடு எப்படி என்று கேட்டிருந்தீர்கள்.

சாப்பாட்டுக்கு இங்கே நம்மவர் கடைகள் உள்ள பிரிக்பீல்ட்ஸ் இருக்கிறது. வீட்டைப் பையனின் பள்ளிக்குப் பக்கத்தில் பாருங்கள். முன்பணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

இவ்வளவு அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நானும் கோவைதான், கணபதியில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவன். 1999இல் செப்பாங் கார் பந்தயத் தடம் திறந்த சமயம், "ரேஸ் டீமில் மெக்கானிக் வேலை" என்று பணம் வாங்கிக்கொண்டுதான் ஏஜென்ட் அனுப்பினார். வந்து இறங்கினால் பூச்சோங்கில் லாரிக்கு டயர் கழற்றிப் போடும் கடை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். அதைத் திரும்ப வாங்குவதற்குள் எனக்கு மலாயும் வந்துவிட்டது, கான்டனீஸில் விலை பேசவும் வந்துவிட்டது. பிறகு செப்பாங்கில் வார இறுதிகளில் டயர் தள்ளப் போய், அங்கேயே ஒட்டிக்கொண்டேன். மோன்ட் கியாராவில் கோண்டோ எடுத்துக்கொண்டு, ஒரு மலேசியத் தமிழரோடுகூடப் பழகாமல், "இவங்க தமிழே வேற மாதிரி" என்று சிரிக்கிற நம்மூர்க்காரர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். எனக்குச் சோறு போட்டது கிள்ளானில் ஒரு தோட்டத்துத் தமிழ்க் குடும்பம்.

சரி, பையன் விஷயம். அந்தக் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள்: சேஸிஸ் (வண்டிக்கூடு) யாருடையது, இன்ஜின் சொந்தமா வாடகையா, சீசனுக்கு எத்தனை செட் டயர், பயிற்சி எத்தனை நாள், வண்டி அடிபட்டால் செலவு யார் தலையில்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது ஆளின் முகத்தைப் பாருங்கள். ஃபார்முலா 4க்கு 15 வயது ஆக வேண்டும். இப்போதே எதற்குப் பணம்? பையனின் லைசென்ஸ் நம்மூர் மோட்டார் பந்தயச் சங்கமான எஃப்எம்எஸ்சிஐ கொடுத்ததாக இருந்தால், இங்கே மலேசிய மோட்டார் பந்தயச் சங்கத்தில் புதிதாக எடுப்பதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும். அந்தக் கடிதத்தை ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள்.

வந்ததும் செப்பாங் கார்ட் தடத்தில் ஒரு மதியம் நின்று பாருங்கள். மூன்று மணிவரை வெயில் மண்டையைப் பிளக்கும், நாலு மணிக்கு மழை கொட்டும். அதற்குள் வரியில்லாத ஸ்லிக் டயரைக் கழற்றி மழை டயர் மாட்டி, முன்சக்கர அகலத்தை மாற்றி, டயர் காற்றையும் சரிபார்த்து அனுப்ப வேண்டும். 2009இல் ஃபார்முலா 1 பந்தயமே இந்த மழையில் 31 சுற்றோடு நின்றுபோய், பாதிப் புள்ளிதான் கொடுத்தார்கள். கார்ட்டுக்குச் சஸ்பென்ஷன் கிடையாது. தடத்தின் ஒவ்வொரு மேடும் இருக்கை விளிம்பு வழியாக விலாவில்தான் இறங்கும். விலாக் கவசம் சரியான அளவில் இல்லாமல், இறங்கியதும் சட்டையைத் தூக்கிக் கன்றிப்போன இடத்தை அம்மாவுக்குத் தெரியாமல் தடவிப் பார்க்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஃபார்முலா 1 கனவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த ஊரில் பிறந்த அலெக்ஸ் யூங் 2001இல் மினார்டி குழுவின் ஃபார்முலா 1 காரில் ஏறினார். அடுத்த வருடம் மூன்று பந்தயங்களில் தகுதிச்சுற்றையே தாண்ட முடியவில்லை. ஊரே கேலி பேசியது. அதே மனிதர் 2014 முதல் தொடர்ந்து மூன்று வருடம் ஆசியாவின் ஆடி ஆர்8 கோப்பையை எடுத்தார். மலேசியர்களான ஜஸ்மேன் ஜாஃபர், வெய்ரோன் டான், நபில் ஜெஃப்ரி மூவருமே ஒற்றை இருக்கைக் கார்களில் மேலே ஏறப் போராடியவர்கள். 2018 ஃபூஜி 6 மணிநேரப் பந்தயத்தில் ஒரே காரைப் பகிர்ந்து ஓட்டி எல்எம்பி2 என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிரிவில் ஜெயித்தார்கள்.

ஸ்போர்ட்ஸ் காரில் காசு எப்படி வருகிறது என்றால், ஓட்டுநர்களை ப்ரோன்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரம் பிரிக்கிறது. ஜிடி3 என்ற பந்தய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய முதலாளி பெரும்பாலும் கடைசித் தரமான ப்ரோன்ஸ். அவருக்குப் பக்கபலமாக வேகமான ஒருவர் வேண்டும், அந்த ஒருவருக்குத்தான் சம்பளம். முதலாளியின் டேட்டாவைப் பார்த்து, "சார், இந்த வளைவில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதிக்கலாம்" என்று மனம் நோகாமல் சொல்லத் தெரிந்த பையன் பிழைத்துக்கொள்வான். வேகம் மட்டும் இருந்து வாய் சரியில்லாதவன் ஊருக்குப் போய்விடுகிறான். அஜித்தின் குழு 2025இல் துபாய் 24 மணிநேரத்தில் தன் பிரிவில் மூன்றாவது வந்ததிலிருந்து, இங்கே எல்லா அப்பாக்களும் என்னிடம் ஜிடி கார் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர் மோட்டார் சைக்கிளில் தொடங்கி எத்தனை வருடம் விழுந்து எழுந்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

நம்ம நரேன் கார்த்திகேயனும் அப்படித்தான். ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் எடுத்தும், ஃபார்முலா 1க்கு 2005 வரை காத்திருந்தார். அந்த மார்ச்சில் செப்பாங் புல்மேட்டில் கிள்ளான் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தேன். நரேனின் மஞ்சள் நிற ஜோர்டான் கார் கடக்கும்போதெல்லாம் நாங்கள் போட்ட சத்தத்தில், பக்கத்திலிருந்த மலாய்க்காரர் "யார் ஜெயிக்கிறார்கள்?" என்று கேட்டார். நரேன் அன்றைக்கு 11ஆவது. அதற்கே அந்த மலாய்க்காரருக்குத் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்தோம். 2019 கடைசியில் அதே நரேன் ஃபூஜியில் ஹோண்டா என்எஸ்எக்ஸில் ஜெர்மன் கார்களையும் பின்னால் விட்டு ஜெயித்தபோது, அப்போது கூட இருந்தவர்களில் பாதிப் பேர் எனக்குப் போன் செய்தார்கள்.

ஹெல்மெட் வாங்கப் போகிறீர்கள் என்றால் பெரியவர்கள் போடுவதை வாங்காதீர்கள். 15 வயதுக்குக் கீழே சிறுவர்களுக்கான சிஎம்ஆர் முத்திரை உள்ள இலகுவான ஹெல்மெட்தான் வேண்டும். விமானத்தில் பெட்டியில் போடாமல் பையன் கையிலேயே கொடுத்துக் கூட்டிவாருங்கள். மீதியை வந்த பிறகு பேசலாம்.